பீர்க்கங்காய்ப் பந்தலும் ஒரு பிடிப் பூஞ்சையும்

பூ விற்கிறவன் பூவைக் காட்டி விற்கலாம், மீன் விற்கிறவன் செவுளைத் தூக்கிக் காட்டி விற்கலாம். மண்ணுக்குள்ளே, வேருக்குள்ளே, கண்ணுக்கே தெரியாமல் கிடக்கிற சரக்கை விற்கிறவனுக்கு வாயைத் தவிர வேறு தராசு கிடையாது.

அதனால்தான் என் வாய் கொஞ்சம் நீளம். பினாங்குத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டி ஓய்வு பெற்றபின், ஜெலுத்தோங் பக்கம் எங்கள் அடுக்குமாடி ஃபிளாட்டின் பின்புறப் படிக்கட்டுக்குக் கீழே ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்தேன். மேசைமேல் மிளகாய்க் கன்று, கறிவேப்பிலைக் கன்று, மல்லிகைப் பதியன். அதோடு டின்னில் அடைத்த வேர்ப் பூஞ்சைப் பொடி. இது நல்ல பூஞ்சை. செடியின் வேருக்குள் குடியேறி, வேர் எட்டாத இடத்துக்கெல்லாம் நூல் விட்டு, தண்ணீரையும் சத்தையும் இழுத்து வந்து கொடுக்கும். பதிலுக்குச் செடி அதற்குத் தன் இனிப்பில் கொஞ்சம் ஊட்டும். அவ்வளவுதான் விஷயம். ஆனால் "காசு குடுத்து யாராச்சும் பூஞ்சணம் வாங்குவாங்களா?" என்று கேட்காத ஆள் எங்கள் ஃபிளாட்டில் இல்லை. மலாய்க்காரப் பெண்களிடம் 'கூலாட்' என்று அவர்கள் மொழியில் சொன்னாலோ, கையைத் துடைத்துக்கொண்டு ஓரடி பின்னால் போவார்கள். கடைசியில் எனக்கே 'கூலாட் அங்கிள்' என்று பெயர் நிலைத்துவிட்டது.

செடி வளர்த்து வீட்டாரிடம் பேச்சு வாங்குகிறவர்களே, செடி விற்று ஊராரிடம் பேச்சு வாங்குகிறவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்வதில் பாதியை நீங்கள் நம்பினால் போதும். எந்தப் பாதி என்பதை உங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன்.

செத்த நிலம்

எங்கள் ஃபிளாட்டின் பின்னால் நீளவாக்கில் ஒரு துண்டு நிலம். கட்டடம் கட்டியவர்கள் மிச்சம் வைத்த கல்லையும் உடைந்த ஓடுகளையும் இறுகிப்போன சிமெண்ட் மூட்டையையும் அதற்குள் தள்ளி, மேலே சிவப்பு மண்ணைப் பூசி மூடிவிட்டுப் போய்விட்டார்கள். லாலாங் புல்கூட அங்கே முளைக்க இரண்டு தடவை யோசிக்கும். என் மேசை அதன் ஓரத்தில். என் தொட்டி, சாக்கு, சல்லடை எல்லாம் அதன்மேல்.

குடியிருப்பாளர் சங்கத்துக்கு ஒரு சேர்மன் உண்டு. ஞானசேகரன் என்று பெயர். பேங்கில் அதிகாரியாக இருந்தவர். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன்; சிமெண்ட் பூசாத இடத்தைக் கண்டால் அவருக்குக் கை அரிக்கும், அவ்வளவுதான். ஒருநாள் காலையில் ஷூவைத் தட்டிக்கொண்டு வந்து நின்றார். ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானம் வருகிறதாம். பின்பக்கம் முழுக்க சிமெண்ட் தளம் போட்டு மோட்டார் சைக்கிள் நிறுத்தும் இடமாக்கப் போகிறார்களாம். மேசை, தொட்டி, நான், எல்லாம் அதற்குள் கிளம்பிவிட வேண்டுமாம். "இது மண்ணு, சேர்மன். மூடிட்டா மூச்சு முட்டும்" என்றேன். அவர் ஷூ நுனியால் தரையை உதைத்தார். கல் 'டங்' என்றது. "இது செத்த நிலம், மிஸ்டர். இதுல ஒரே ஒரு பீர்க்கங்கா காய்ச்சுக் காட்டுங்க, நான் சிமெண்ட் பேச்சையே எடுக்கல" என்றார். "காய்க்கும்" என்றேன். எப்படிக் காய்க்கும் என்று அந்த நேரத்தில் எனக்கே தெரியாது. வாய் முந்திக்கொண்டது, அதற்கு அது பழக்கம்.

மாடிக்குப் போய் என் மனைவி சரசுவிடம் சொன்னேன். ஊர் வம்பை விலைக்கு வாங்கியதற்குத் திட்டு விழும் என்று தயாராக நின்றேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியை அப்படியே நிறுத்தினாள். முகத்தில் நிஜமான பயம். "அந்த எடம் போச்சுன்னா நீங்க பொழுது விடிஞ்சதுலேர்ந்து அடையற வரைக்கும் வீட்டுக்குள்ளயா இருப்பீங்க? இருங்க, மண்வெட்டிய எடுத்துக்கிட்டு நானும் வரேன்!"

சோளத்தை வாட்டும் பாவி

இந்தப் பூஞ்சையைச் சட்டியில் போட்டுக் காய்ச்சி எடுக்க முடியாது. உயிருள்ள வேர் இருந்தால்தான் அது பெருகும். ஆகவே நான் செய்வது இதுதான். ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் கிழட்டு மூங்கிலின் அடியிலிருந்து கொஞ்சம் மண்ணும் வேர் முடியும் எடுத்துவந்து, மணலோடு கலந்து, தொட்டியில் சோளம் விதைப்பேன். சோளம் தளதளவென்று வளரும். வேருக்குள் பூஞ்சையும் வளரும். ஆள் உயரம் வந்து, பார்க்கிறவர் வாயில் எச்சில் ஊறும் நேரத்தில், தண்ணீரை நிறுத்திவிடுவேன். சோளம் வாடும், மஞ்சளாகும், சருகாகும். வீடு கவிழப் போகிறது என்று பூஞ்சைக்குப் புரிந்துவிடும். அவசர அவசரமாக வித்துகளைக் கட்டி மூட்டையாக்கி வைக்கும். அப்போது தண்டை வெட்டி எறிந்துவிட்டு, வேரைப் பொடியாக நறுக்கி, நிழலில் உலர்த்தி, வெள்ளைக் களிமண் தூளோடு சேர்த்துச் சலித்தால் பொடி தயார். பட்டினி போடாமல் பொடி இல்லை.

இதை வாடிக்கையாளருக்கு விளக்கிப் பாருங்கள்! செடியைப் பிழைக்க வைக்கிற மருந்து வாங்க வருகிறார். வாசலில் வரிசையாகச் செத்த சோளம் வரவேற்கிறது. என்னைப் பார்க்கிறார், சோளத்தைப் பார்க்கிறார், போன் வந்ததுபோல் காதில் வைத்துக்கொண்டு நழுவுகிறார். பக்கத்து பிளாக்கில் 'சோளத்தை வாட்டும் பாவி' என்றே ஒரு சீனக் கிழவர் என்னைச் சொல்கிறார் என்று கேள்வி.

ஒரு நாள் சேர்மன் அந்தச் சோளத்தின் முன்னால் நின்று போனை எடுத்தார். என்னைத்தான் படம் பிடிக்கிறார் என்று நினைத்து, தலையைக் கோதிக்கொண்டு, சோளத்துக்கு நடுவே போய்ச் சிரித்தபடி நின்றேன். டீயை ஆற்றிக் குடிப்பதற்குள் படம் ஃபிளாட்டின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்தது. கீழே சேர்மன் எழுதியிருந்தார்: 'பின்னால் இருப்பது இவர் வளர்த்த சோளம். முன்னால் சிரிப்பவர்தான் நமக்குச் செடி வளர்க்கச் சொல்லித் தருகிறவர்.' விடுவேனா? கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் குத்தி, 'அது சாவு இல்லை, பிரசவம்' என்று பதில் போட்டேன். இரண்டாம் மாடி பிலோமினா உடனே எழுதினாள்: "அண்ணே, தாய்க்கு இப்ப எப்படி இருக்கு?"

பிலோமினாவின் நல்ல மனசு

பிலோமினாவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை. ஞாயிறு தவறாமல் சர்ச். பால்கனி நிறைய ரோஜா. யாருக்காவது உதவி செய்யாவிட்டால் அவளுக்குத் தூக்கம் வராது. அதுதான் ஆபத்து.

அதற்குள் நானும் சரசுவும் செத்த நிலத்தில் குழி தோண்டியிருந்தோம். தோண்டியது என்று சொல்வதைவிடக் கல்லுடைத்தது என்று சொல்லலாம். ஒரு குழியில் மண்வெட்டி மோதிய சத்தத்துக்கு ஐந்தாம் மாடிக்காரர் இடி இடிக்கிறதென்று துணி எடுக்க ஓடினார். குழியில் மக்கின எருவை நிரப்பி, விதைக்கு அடியிலேயே படும்படி ஒரு கரண்டி பொடி வைத்து, பீர்க்கை நட்டோம். பொடி வேரைத் தொட வேண்டும். மேலே தூவினால் கோலம் போட்டது மாதிரி அழகாகத்தான் இருக்கும். கன்று எழும்பி இலை விட்டது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

பிலோமினாவும் தன் ரோஜாவுக்கு என்னிடம் பொடி வாங்கியிருந்தாள். ஒரு காலையில் தொட்டி மண்ணின் மேலே வெள்ளையாகப் பஞ்சு போல என்னமோ படர்ந்திருந்ததைப் பார்த்துப் பதறிவிட்டாள். அது என் சரக்கே இல்லை. ஈரமான எருவைக் கண்டு வந்துபோகிற வழிப்போக்கன். என் பூஞ்சையைப் பார்க்க வேண்டுமானால் வேரை வெட்டிச் சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில்தான் பார்க்க வேண்டும். அவளுக்கு அது தெரியாது. கடைக்கு ஓடினாள், பூஞ்சைக்கொல்லி வாங்கினாள், வாளியில் கரைத்து ரோஜாவுக்கு ஊற்றினாள். வாளியில் மிச்சம் இருந்தது. வீணாக்கலாமா? நேரே கீழே வந்து, என் பீர்க்கங்கன்று எல்லாவற்றுக்கும் அபிஷேகம் செய்துவிட்டாள். செய்துவிட்டு, சிரித்த முகத்தோடு என்னிடமே வந்து சொன்னாள்.

எல்லா மருந்தும் வேர்ப் பூஞ்சையைத் தொடுவதில்லை. இவள் பார்த்துப் பார்த்து வாங்கியது வேர்வரை இறங்கிக் கொல்கிற ரகம். கன்றுகள் வெளுத்து அப்படியே நின்றுவிட்டன. கூட்டமோ நெருங்குகிறது. நான் அழவில்லை, கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு வந்து, பழைய குழிகளிலிருந்து தள்ளிப் புதுக் குழி தோண்டி, மறுபடியும் நட்டேன். இந்தத் தடவை வைத்த பொடி எது தெரியுமா? சேர்மன் படம் பிடித்த அதே சோளத்தின் வேர். பிலோமினா விளக்குமாறோடு உதவிக்கு வந்தாள். அதைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, அவள் செய்த தவறை விளக்கினேன். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்: "கடைக்குப் போனா பூஞ்சையைக் கொல்ல மருந்து விக்கிறான். கீழ வந்தா நீங்க பூஞ்சையவே விக்கிறீங்க. நடுவுல நிக்கிற நான் எந்தப் பக்கம் அண்ணே சாயறது?"

விற்க மறுத்த டின்

ஆ ஹெங் என்று ஒரு சீனர், பாசாரில், அதாவது சந்தையில், காய்கறி விற்கிறவர். வீட்டுக்குப் பின்னால் கைலான் கீரை போட்டிருக்கிறார். என் மிளகாயைப் பார்த்துவிட்டு வந்து, பொடி டின்னைக் காட்டி, எல்லாம் வேண்டும் என்றார். எதற்கு என்றேன். கைலானுக்கு என்றார். தர மாட்டேன் என்றேன். கைலான், முட்டைக்கோஸ், கடுகு, இந்தக் குடும்பமே இந்தப் பூஞ்சையை வீட்டுக்குள் சேர்க்காது. கதவைத் தட்டிக்கொண்டு பூஞ்சை வெளியே நிற்க வேண்டியதுதான். நான் விலை ஏற்றப் பார்க்கிறேன் என்று நினைத்து ஆ ஹெங் விலையை ஏற்றினார். நான் தலையை ஆட்டினேன். இன்னும் ஏற்றினார். டின்னை எடுத்து என் நாற்காலிக்கு அடியில் வைத்து, அதன்மேல் கால் போட்டுக்கொண்டேன்.

துறைமுகத்தில் நான் தூக்கிய பெட்டிக்குள்ளிருந்து முதலை கொட்டாவி விட்ட கதையை நான் நூறு பேரிடம் சொல்லியிருக்கிறேன். நான் நட்ட கறிவேப்பிலை நாலாம் மாடி ஜன்னலைத் தட்டி 'குழம்பு கொதிக்குதா?' என்று கேட்டதாகவும் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் வியாபாரத்துக்கு வெளியே. காசு வாங்கும்போது மட்டும் சரக்கைப் பற்றிப் பொய் வராது. வந்தால் பூஞ்சை கோபித்துக்கொள்ளும். ஆ ஹெங் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார். போய்விட்டார் என்றுதான் நினைத்தேன். பிறகு ஒரு நாள் லோரியோடு வந்து, தன் கடையில் பழைய கூடாரத்துக்கு வைத்திருந்த மூங்கில் கழிகளை என் நிலத்தில் இறக்கினார். "பந்தலுக்கு" என்றார். எதற்காக என்று கேட்டேன். மலாயும் தமிழும் கலந்து சொன்னார்: "மத்த யாவாரி, வேணான்னு சொன்னாலும் தலையில கட்டுவான். நீ வேணும்னு வர்றவன வெரட்டற. உனக்கு மூளை சரியில்ல லா, அதான் நான் நம்பறேன்."

தண்ணீர் வராத வாரம்

பீர்க்கை மூங்கிலைப் பிடித்து ஏறியது பாருங்கள், அப்படி ஒரு ஏற்றம்! சேர்மன் லிஃப்டில் போவதற்குள் அது படியேறிப் போய்விடும். பந்தல் முழுக்க இலை மூடி, மஞ்சள் பூப் பூத்த நேரத்தில், எங்கோ பெரிய குழாய் வெடித்து எங்கள் பக்கம் தண்ணீர் நின்றுவிட்டது. குளிக்கவே வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றோம். செடிக்கு யார் ஊற்றுவது? பால்கனிச் செடிகள் தலையைத் தொங்கப் போட்டன. முன்வாசலில் சேர்மன் வரிசையாக வைத்திருந்த அலங்காரச் செடிகள் ஊறவைத்த அப்பளம் மாதிரி ஆகிவிட்டன. என் பீர்க்கையும் உச்சி வெயிலில் கொஞ்சம் சோர்ந்து காட்டும். சாயந்திரம் ஒன்றுமே நடக்காததுபோல் நிமிர்ந்துவிடும்.

பார்க்க வந்தவர்களில் குமரேசனும் ஒருவன். கடலுக்கு அக்கரையில், பிறை என்கிற ஊரில் தொழிற்சாலை வேலை. ஷிப்டு ஷிப்டாக மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிப் போகிறவன். இலை மூடிய நாளிலிருந்து அவன் வண்டியைப் பந்தலுக்கடியில்தான் நிறுத்துகிறான். அவனைப் பார்த்து மற்ற பையன்களும் நிறுத்த ஆரம்பித்திருந்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வண்டிக்குப் பூஞ்சை ஏறாது.

"தண்ணியே இல்லாம எப்படி அங்கிள் நிக்குது?" என்றான். வேர் போக முடியாத கல் இடுக்கில்கூடப் பூஞ்சை நூல் நுழைந்து, அங்கே ஒட்டியிருக்கிற ஈரத்தை உறிஞ்சி வரும் என்று உண்மையைச் சொன்னேன். கொட்டாவி விட்டான். உண்மைக்கு எப்போதும் அதுதான் மரியாதை. ஆகவே குரலைத் தாழ்த்தினேன். "தம்பி, யாருகிட்டயும் சொல்லாத. இந்த நூலு இங்கயா நிக்குது? கடலுக்கடியிலயே போயி அக்கரையில பட்டர்வொர்த்துல கரையேறிடுச்சு. அங்க உள்ள கிணத்துல தண்ணி குடிச்சிட்டுத் திரும்பி வருது. ஃபெர்ரிக்கு டிக்கெட்கூட எடுக்கல." குமரேசன் தூக்கக் கண்ணோடு ஹெல்மெட்டைக் கழற்றி, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்: "அங்கிள், பாலத்துல ஜாம்ல நிக்கிறப்ப என் உசுரு போகுது. நாளையிலேர்ந்து என்னையும் அந்த நூல்ல கட்டி இழுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

நெற்றியில் முளைத்தது

ஒவ்வொரு முறை பொடி சலிக்கும்போதும் முதல் சலிப்பில் கொஞ்சம் எடுத்து, மேசைமேல் இருக்கிற முருகன் படத்துக்கு முன்னால் பித்தளைக் கிண்ணத்தில் வைப்பேன். என் பாட்டன் முதல் நெல்லை வைத்தான். நான் முதல் பூஞ்சையை வைக்கிறேன். சாம்பல் வெள்ளையில் மெத்தென்று இருக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை சேர்மன் கான்ட்ராக்டரைக் கூட்டிக்கொண்டு நிலத்தை அளக்க வந்தார். கூட்டம் நடக்கவில்லை, யாரும் கை தூக்கவில்லை, அதற்குள் டேப்! எனக்கு ரத்தம் கொதித்தது. எழுந்து நின்று சண்டைக்கு வாயைத் திறந்தேன். அந்த நேரம் பார்த்து அவர் கண்ணில் முருகன் பட்டுவிட்டார். பக்திமான் அல்லவா? ஷூவைக் கழற்றினார், கண்ணை மூடினார், கிண்ணத்திலிருந்து மூன்று விரலால் எடுத்து நெற்றி நிறையப் பட்டை போட்டார். மிச்சத்தை நாக்கிலும் வைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்க மூடாத என் வாய், அந்த ஒரு நிமிடம் பார்த்து மூடிக்கொண்டது. நானா மூடினேன்? முருகன் மூடினான்.

"எந்தக் கோயில் திருநீறு இது? மண் வாசனை அடிக்குதே" என்றார். "சோளக் கோயில், சேர்மன். நீங்க படம் பிடிச்சீங்களே, அதே மூலவர்தான்" என்றேன். அவர் சல்லடையைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். கான்ட்ராக்டர் டேப்பை விட்டுவிட்டு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்த ஆட்டத்தில் பந்தல் குலுங்கி, சேர்மன் தலைக்குப் பின்னால் ஏதோ தட்டியது. திரும்பினார். முழங்கை நீளத்துக்கு ஒரு பீர்க்கங்காய், அவர் மூக்குக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. "நீங்க கேட்ட காய்" என்றேன். "காய் வேற, தீர்மானம் வேற. தீர்மானம் எழுதியாச்சு" என்று சொல்லிக் கைக்குட்டையால் நெற்றியைத் தேய்த்தார். பட்டை போகவில்லை, களிமண் அல்லவா, நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டே கிளம்பியவர், படிக்கட்டில் நின்று திரும்பிக் கத்தினார்: "என் நெத்தியில ஏதாச்சும் மொளைச்சுது, உங்க மேல போலீஸ்ல ரிப்போர்ட் செய்வேன்!"

நான் பேசியதும் அவன் கேட்டதும்

ஒரு ஞாயிறு காலை கீழ்த்தளத்து மண்டபத்தில் ஆண்டுக் கூட்டம். சரசு முன் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். நான் வெளியே போவதற்கு ஓர் இடம் வேண்டுமே என்கிற கவலை அவளுடையது. சேர்மன் சுவரில் படம் காட்டினார். செத்த சோளம், நடுவில் பல்லைக் காட்டிக்கொண்டு நான். மண்டபமே சிரித்தது. "இந்த நிலத்தின் நிலைமை இதுதான்" என்றார். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கும் இளைஞர்களின் நலனுக்காகவே தளம் என்றார்.

என் முறை வந்தது. பீர்க்கங்காயைக் கையில் பிடித்துக்கொண்டு எழுந்தேன். மூங்கில் அடி மண்ணில் தொடங்கி, வேருக்குள் பூஞ்சை குடிபுகுந்த விதம், இனிப்புக்குச் சத்து என்கிற அவர்கள் ஒப்பந்தம், கல்லிடுக்கில் போன நூல், கடலுக்கடியில் போன நூல் எல்லாம் சொன்னேன். தளம் போட்டால் என் பிணத்தின்மேல்தான் போட வேண்டும் என்றேன். சரசு தலையிலடித்துக்கொண்டாள். நடுவில் முதலையும் வந்துவிட்டது. எப்படி வந்தது என்று எனக்கே தெரியவில்லை. பேசி முடித்துப் பார்க்கிறேன், பாதிப்பேர் போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். பிலோமினா மட்டும் கைதட்டினாள், அதுவும் முடிந்துவிட்ட சந்தோஷத்தில். ஆட்டம் போச்சு என்று தெரிந்தது. சேர்மன் கை தூக்கச் சொல்லப் போனார்.

அப்போது பின்வரிசையில், ஷிப்டு முடிந்து யூனிபார்மோடு வந்து தூங்கிக்கொண்டிருந்த குமரேசன் கண் விழித்தான். "சேர்மன், ஒரு கேள்வி. தளம் போட்டா பந்தல் இருக்குமா?" இருக்காது, தரை சமமாக வேண்டும் என்றார் சேர்மன். "அப்ப நெழலு?" கூரை பற்றிப் பிற்காலத்தில் பரிசீலிக்கப்படும் என்றார். குமரேசன் எழுந்து நின்றான். "மத்தியான ஷிப்டுக்குப் போறப்ப வெயில்ல நின்ன சீட்டுல ஒரு தடவ உக்காந்து பாருங்க சேர்மன். பாலம் முடியற வரைக்கும் நின்னுக்கிட்டேதான் ஓட்டணும். எங்களுக்காகத்தான் போடறீங்கன்னா, எங்களுக்கு வேணாம் லா. பந்தல் போதும்." பின்வரிசை முழுக்க 'ஓ' என்று கத்தி, தளம் வேண்டாம் என்று கைக்குப் பதிலாக ஹெல்மெட்டைத் தூக்கியது. அதைப் பார்த்து அவர்களுடைய அம்மாக்களும் கை தூக்கினார்கள். தீர்மானம் தோற்றது. "அந்த நெழலே பூஞ்சை போட்ட நெழல்தான்யா!" என்று கத்தினேன். நாற்காலி இழுக்கிற சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. சரசு மட்டும் என் கையிலிருந்த பீர்க்கங்காயை வாங்கிக்கொண்டு கூட்டு வைக்கக் கிளம்பிவிட்டாள்.

சேர்மன் காகிதங்களை அடுக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். தோற்ற முகமே இல்லை. "அடுத்த வருஷமும் இந்தத் தீர்மானத்தைக் கொண்டுவருவேன், மிஸ்டர்" என்றார். "தாராளமா கொண்டுவாங்க. அடுத்த வருஷம் பந்தல் உங்க கார் வரைக்கும் வந்துடும்" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன். அவர் ஜன்னல் வழியே வெளியே பார்த்தார். அவருடைய வெள்ளைக் கார் மொட்டை வெயிலில் வெந்துகொண்டிருந்தது. காகிதத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, அக்கம்பக்கம் யாருமில்லையே என்று பார்த்துவிட்டுக் கேட்டார்: "எந்த மாசம் வரும்?"

ஆக, வேருக்குள் இருக்கிற பூஞ்சையை நம்பச் சொல்லி நான் தொண்டை வற்றப் பேசியதில் ஒரு கைகூட உயர்ந்ததில்லை, ஆனால் கொதிக்கிற சீட்டில் ஒரு தடவை உட்கார்ந்து எழுந்தவனை எதிர்த்து எங்கள் ஃபிளாட்டில் சிமெண்ட் இன்னும் ஜெயிக்கவில்லை.